எச்சரிக்கும் குரல் யாருடையது?

மூங்கில் காட்டுக் குளத்தில் மான்களும் மயில்களும் மந்திகளும் தண்ணீர் குடித்து வந்தன. சிறுத்தை வந்தால் மரத்திலிருக்கும் மந்தி கத்தும். அதைக் கேட்ட மான் காலைத் தரையில் உதைத்துத் தானும் கத்தும். உடனே மயில் அகவும். ஒருவரிடமிருந்து ஒருவர் கற்று, ஆளுக்குக் கொஞ்சம் சேர்த்து வளர்த்த வழக்கம் அது. அது யாருடையது என்று எவரும் கேட்டதில்லை.

ஒரு நாள் கழுதைப்புலி சிங்கராஜாவிடம் போனது.

"ராஜா! ஆபத்து வந்தால் குரல் கொடுப்பது என் யோசனை. அந்த உரிமையை எனக்கே கொடுங்கள்!"

உண்ட மயக்கத்தில் இருந்த சிங்கம் எதையும் விசாரிக்காமல், "சரி, உனக்கே!" என்றது.

கழுதைப்புலி நேராகக் குளக்கரைக்கு வந்தது. "இனி என் அனுமதி இல்லாமல் யாரும் எச்சரிக்கக் கூடாது! அனுமதி வேண்டுமானால் குட்டியோ குஞ்சோ ஒன்று கொடுங்கள். மீறினால் ராஜாவின் தண்டனை!"

மயில் கெஞ்சியது. "நான் வேறு மாதிரி அகவிக்கொள்கிறேனே?"

"எப்படி அகவினால் என்ன? எச்சரிப்பதே என்னுடையது!"

காடு வாயை மூடிக்கொண்டது. இலை அசைந்தாலும் எல்லோரும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

செம்பி என்ற மானின் குட்டி குளத்தில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. புல்லுக்குள் சிறுத்தை பதுங்கி வருவதை மந்தி பார்த்துவிட்டது. கத்த வாயைத் திறந்தது. எதிர்க்கரையில் கழுதைப்புலி அதையே முறைத்தபடி உட்கார்ந்திருந்தது. மந்தி திறந்த வாயை மூடிக்கொண்டது.

ஒரே பாய்ச்சல். குட்டி போய்விட்டது.

"நீ பார்த்தாயா?" என்று செம்பி கேட்டது.

"பார்த்தேன்."

"ஏன் கத்தவில்லை?"

"பயந்துவிட்டேன், செம்பி!" மந்தி அழுதது.

மறுநாளும் சிறுத்தை வந்தது. இம்முறை செம்பி அதைப் பார்த்தது. தண்டனை கிடைக்கும் என்று தெரிந்தும் உரக்கக் கத்தியது! மந்தி கத்தியது, மயில் அகவியது, காடே அலறியது. எல்லோரும் ஓடித் தப்பினார்கள்.

கழுதைப்புலி செம்பியைச் சிங்கத்தின் முன் இழுத்துப் போனது.

"ஆணையை மீறினாயா?" என்று சிங்கம் உறுமியது.

"மீறினேன், ராஜா. நேற்று எல்லோரும் வாயை மூடியிருந்தோம், என் குட்டி செத்தது. இன்று கத்தினோம், யாரும் சாகவில்லை. இனி என்னைக் கொன்றாலும் சரி!"

சிங்கம் தலை குனிந்தது. "அந்த உரிமை இனிச் செல்லாது!" என்று சொல்லிக் கழுதைப்புலியைக் காட்டை விட்டே துரத்தியது.

காட்டுக்குக் குரல் திரும்பியது. செம்பியின் குட்டி திரும்பவில்லை.

பலர் கூடி வளர்த்த அறிவை ஒருவருக்கே உரிமையாக்கினால், அதற்கு எல்லோரும் விலை கொடுக்க நேரும்.