கை படாத எழுத்துகள்

வெகு காலத்துக்கு முன்பு வெண்பரப்பு நாட்டை மகுடவர்மன் என்றோர் அரசன் ஆண்டுவந்தான். கெட்டவன் இல்லை. காலையில் ஒரு யோசனை வரும். மதியச் சாப்பாட்டுக்குள் அது சட்டமாகிவிடும். மறுநாள் வேறு யோசனை வரும். இரண்டுக்கும் நடுவில் கிடந்து அல்லாடுவது அமைச்சர் கூத்தபிரானின் உத்தியோகம்.

"நம் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிக்கிறார்களாமே! எனக்கு இது அவமானம் இல்லையா?" என்றான் அரசன் ஒருநாள்.

அலங்காரநம்பி துள்ளி எழுந்தார். அரண்மனை அலங்காரங்களுக்கு அவர்தான் தலைவர். அரசன் தும்மினால் அதில் ராகம் கண்டுபிடிப்பவர். கூத்தபிரானின் பதவி மேல் நெடுநாளாக அவருக்கு ஒரு கண்.

"தந்தத்தில் எழுத்துகள் செய்வோம் அரசே! பள்ளிக்கு ஒரு பெட்டி. பிள்ளைகள் எடுத்து அடுக்கிப் படிக்கட்டும். இனி மணலுக்குத் தடை!"

பிள்ளைகள் எடுத்து அடுக்குவது கூத்தபிரானுக்கும் பிடித்திருந்தது. ஆனால் நம்பி அதன் வாலில் ஒரு விதியை ஒட்டினார்: எழுத்து உடைந்தாலோ கறை பட்டாலோ வாத்தியாருக்குக் கசையடி.

பெட்டிகள் மேளதாளத்தோடு ஊர் ஊராகப் போயின. வாத்தியார்கள் மாலை போட்டு வரவேற்று, அப்படியே பூட்டி வைத்தார்கள். நம்பி ஆய்வுக்கு வரும் நாளில் மட்டும் எழுத்துகள் பட்டுத்துணியில் பரப்பப்படும். பிள்ளைகள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, எட்ட நின்று பாடத்தை ராகம் போட்டு ஒப்பிப்பார்கள். "அருமை, அருமை!" என்று நம்பி கிளம்பிவிடுவார். எழுத்து என்பது தூரத்திலிருந்து கும்பிடும் பொருளாகிப் போனது.

கரம்பைப்பட்டி வாத்தியார் சொக்கேசனும் பெட்டியைப் பூட்டினார். ஆனால் பிள்ளைகள் கையில் கரித்துண்டைக் கொடுத்துவிட்டார். முன்னறிவிப்பில்லாமல் அங்கே போன நம்பிக்குச் சுவரெல்லாம் கோணல் எழுத்துகள் காட்சி கொடுத்தன. அன்றே வாத்தியாரைக் கயிற்றில் கட்டிச் சபைக்கு இழுத்து வந்தார்.

"நான் கொடுத்த தந்தத்தைப் பூட்டிவிட்டுக் கரியைக் கொடுத்தாயா?" என்று அரசன் சீறினான்.

"தந்தம் உடைஞ்சா என் முதுகு பிய்ஞ்சிடுங்க அரசே. கரி உடைஞ்சா இன்னொரு கரி."

சபையில் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். அரசன் முகம் சிவந்தது. "நாளை சாப்பாடு முடிந்ததும் இவனை நாடு கடத்துங்கள்!"

கெஞ்சினால் அரசன் இன்னும் முறுக்கிக்கொள்வான் என்பது கூத்தபிரானுக்குத் தெரியும். அதனால் குரலை உயர்த்திப் புகழ்ந்தார். "நியாயமான தீர்ப்பு அரசே! நம்பியாரின் விதி பள்ளிகளோடு நிற்பதுதான் குறை. நாளை ஒருநாள் நம் மடைப்பள்ளிக்கும் அது இருக்கட்டுமே?"

"என் விதி எங்கும் பொருந்தும்!" என்று பூரித்தார் நம்பி. அரசனும் தலையாட்டினான்.

மறுநாள் குதிரையேற்றம் முடிந்து அகோரப் பசியோடு அரசன் வந்து உட்கார்ந்தான். எதிரே பட்டுத்துணி. அதன் மேல் முகம் பார்க்கும்படி பளபளத்த பாத்திரங்கள். சமையல்காரர் ஆவுடை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, புளியோதரைக்குப் புளி கரைப்பதிலிருந்து தாளிப்பது வரை ராகத்தோடு பாடினார்.

"பிரமாதம். கொண்டு வா."

"எதை அரசே?"

"சோற்றை ஐயா!"

"அடுப்பில் ஏற்றினால் கரி பிடிக்குமே. கசையடி யார் வாங்குவது?"

அரசன் நம்பியைப் பார்த்தான். நம்பி பாத்திரங்களைப் பார்த்தார். "நல்ல பளபளப்பு அரசே..."

"அதைத் தின்னவா?"

"பிள்ளைகளுக்கு ஒரு வருஷமாக இதே பந்திதான் அரசே" என்றார் கூத்தபிரான்.

நம்பி குறுக்கிட்டார். "பொய்! மற்ற பள்ளிகளில் பிள்ளைகள் தினமும் எழுத்துகளை எடுத்துத்தான் படிக்கிறார்கள். பூட்டியவன் இந்தச் சொக்கேசன் ஒருவன்தான்."

"தினமும் எடுத்தால் அழுக்காகுமே?" என்றான் அரசன்.

"ஆகியிருக்கிறது அரசே. தங்கள் மனம் நோகுமே என்றுதான் மறைத்தேன்."

"நாளைக் காலை நீர் காட்டும் பள்ளிக்கே வருகிறேன். நீர் சொல்வது நிஜமானால் வாத்தியார் நாட்டைவிட்டுப் போகட்டும். பொய்யானால் நீர் போகலாம். இப்போது யாராவது அடுப்பைப் பற்ற வையுங்கள்!"

காலையில் நம்பி காட்டிய பள்ளியில் பெட்டி திறந்தது. எழுத்தெல்லாம் கருகருவென்று அழுக்கு. நம்பி நெஞ்சை நிமிர்த்தி நின்றார். காவலர் பிடியில் நின்ற சொக்கேசன் கண்ணை மூடிக்கொண்டார்.

"அரசே, தங்கள் கையால் ஒரு பிள்ளைக்கு ஓர் எழுத்து கொடுங்களேன்" என்று மட்டும் கூத்தபிரான் சொன்னார்.

அரசன் ஓர் எழுத்தை எடுத்து முன்வரிசைச் சிறுமியிடம் நீட்டினான். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு இரண்டடி நகர்ந்தாள். "வேணாங்க. தொட்டா அடி விழும்."

அரசன் வரிசையைப் பார்த்தான். எல்லாக் கையும் முதுகுக்குப் பின்னால். வரிசைக் கடைசியில் நம்பியின் கையும்.

"நம்பி, உமக்கும் அடி விழுமா? நீட்டும் கையை."

நகக்கண்ணெல்லாம் கரி. முழங்கை வரை எண்ணெய்ப் பிசுக்கு.

"இந்தப் பள்ளியில் எழுத்தைத் தொட்டவர் நீர் ஒருவர்தான் போலிருக்கிறது" என்றான் அரசன். "எல்லையில் எந்த ஊர் பிடிக்கும்? சொல்லும், பல்லக்கு கிடையாது." பிறகு பிள்ளைகள் பக்கம் திரும்பி, "கசையடி விதி ஒழிந்தது. எடுத்துக்கொள்ளுங்கள்!" என்றான்.

முதலில் ஒருவரும் அசையவில்லை. அப்புறம் அந்தச் சிறுமி குனிந்து ஒன்றை எடுத்தாள். அவ்வளவுதான், பெட்டி மேல் பிள்ளைகள் விழுந்தார்கள். சடக்கென்று ஓர் எழுத்து இரண்டாக உடைந்தது. எல்லாக் கையும் மறுபடி முதுகுக்குப் பின்னால் போயிற்று.

அரசன் துண்டுகளைச் சேர்த்துப் பிடித்தான். "உடைந்தது எந்த எழுத்து?"

பிள்ளைகள் உற்சாகமாக ஆளுக்கோர் எழுத்தைச் சொன்னார்கள்.

அரசன் துண்டுகளைக் கீழே வைத்தான். காவலரைப் பார்த்து, "வாத்தியாரின் கயிற்றை அவிழுங்கள்" என்றான். "இங்கே வேலை கிடக்கிறது."