ஐந்து மாடிக்கும் கேட்ட மன்னிப்பு

கால் வலிக்கிறதே என்று சேலை அடுக்கில் கொஞ்சம் சாய்ந்துவிட்டாள் ஜவுளிக்கடை விற்பனைப் பெண் செண்பகவல்லி. மேனேஜர் துரைப்பாண்டி பார்த்துவிட்டார்.

"எருமை, தெண்டச்சோறு" என்று வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு, "மைக்குல மன்னிப்புக் கேளு. அஞ்சு மாடிக்கும் கேக்கணும்" என்றார்.

"என்ன சார் சொல்லணும்?"

"நடந்ததை அப்படியே சொல்லு."

அவள் மைக்கை எடுத்தாள். "வாடிக்கையாளர்களுக்கு வணக்கம். கால் வலியால் நான் ஒரு நிமிடம் சாய்ந்துவிட்டேன். அதற்காக மேனேஜர் துரைப்பாண்டி சார் என்னை எருமை, தெண்டச்சோறு என்று திட்டினார். சேலை எடுக்க வந்த உங்கள் காதிலும் அது விழுந்திருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள்."

சேலை விரித்த கைகள் அப்படியே நின்றன. கல்லாவில் இருந்த முதலாளி மாடியேறி வந்தார். மைக்கை வாங்கித் துரைப்பாண்டியிடம் நீட்டினார்.

"இப்ப நீங்க கேளுங்க. அஞ்சு மாடிக்கும் கேக்கணும்."