செம்மூக்கு ராஜா

ராஜாக்கள் தங்கள் முகத்தைத் தாங்களே காசில் அடித்துக்கொண்ட காலத்தில், கொன்றைநாட்டை வல்லபராயன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். ஏரி நடுவே மாளிகை கட்ட அவனுக்கு ஆசை. கஜானாவில் வெள்ளி போதவில்லை. பொக்கிஷதாரர் நாகதேவர் காதோடு காதாக ஒரு வழி சொன்னார்: "காசுக்குள்ளே செம்பு, மேலே வெள்ளிப் பூச்சு. யாருக்குத் தெரியப்போகிறது பிரபு?"

மந்திரி சீராளர் வேண்டாமென்றார். ராஜா கேட்கவில்லை.

மாளிகை எழும்பியது. ஆனால் காசு நாலு கை மாறியதும், துருத்திக்கொண்டிருந்த ராஜாவின் மூக்கில்தான் முதலில் பூச்சு தேய்ந்தது. செம்பு எட்டிப் பார்த்தது. 'செம்மூக்கு ராஜா' என்று ஊரே சிரித்தது.

ராஜா கொதித்துப்போனான். மந்திரியை எப்போது கவிழ்க்கலாம் என்று காத்திருந்த நாகதேவர், "இந்தப் பெயரைக் கிளப்பியவனை மந்திரியாரே பிடித்துத் தரட்டும். முடியாவிட்டால் பதவியை விடட்டும்" என்றார்.

"நாளைக்குச் சபையில் காட்டுகிறேன்" என்றார் சீராளர்.

மறுநாள் அவர் புத்தம்புதுக் காசு ஒன்றை ராஜாவிடம் நீட்டினார். "வழக்குகள் முடியும்வரை இதை உங்கள் அங்கவஸ்திரத்தில் தேய்த்துக்கொண்டே இருங்கள் பிரபு. ஆள் தானாகத் தெரிவான்."

உச்சிவேளையில் ராஜா குனிந்து பார்த்தான். மூக்கு சிவந்திருந்தது.

"யாரைப் பிடிக்கட்டும் பிரபு?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார் சீராளர்.

"இது மந்திரியின் சூழ்ச்சி..." என்று நாகதேவர் எழுந்தார்.

"உட்காரும். செம்பைக் கலந்தது நாம் இருவரும்தான்" என்றான் ராஜா. அவனுக்குக் காதுமடல் வரை சுட்டது. சிரித்த ஊரைவிட, சிரிக்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்த சபைதான் அவனைக் கூசவைத்தது.

கழுத்துச் சங்கிலியைக் கழற்றி மந்திரிக்குப் பரிசாகக் கொடுத்தான். "என் அப்பா காலத்தது. நம்பி வாங்கிக்கொள்ளும்." சொன்ன பிறகு 'நம்பி' என்ற சொல்லே அவனைக் குத்தியது.

மாளிகையின் வெள்ளிக் கதவுகள் உருகி நல்ல காசாயின. நாகதேவர் சாக்கைத் தூக்கிக்கொண்டு கடைவீதியெல்லாம் செம்மூக்குக் காசு பொறுக்கினார். கோட்டை வாசலில் ராஜாவே நின்று காசு மாற்றிக் கொடுத்தான்.

மோர் விற்கும் பேச்சாயி தன் முடிச்சை அவிழ்த்துக் கொட்டினாள். புதுக் காசை வாங்கியவள் நகரவில்லை.

"கல்லில் தட்டிப் பார்க்கட்டுமா சாமி?"

காவலன் அதட்ட வாயெடுத்தான். ராஜா அவனைக் கையமர்த்தினான்.

"பாரம்மா."

அவள் ஒவ்வொரு காசாகத் தட்டி, காதருகே வைத்துக் கேட்டாள். கடைசிக் காசையும் அவள் மடியில் கட்டிக்கொள்ளும்வரை ராஜா தலைகுனிந்து நின்றான்.