ஒரு பாம்பு பாக்கி

பூசணிக்குளத்துக்காரர்களை யாராவது முட்டாள்கள் என்று சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். தங்கமான மனுசங்க. என்ன, எதைத் தொட்டாலும் முழுசாக முடிக்காமல் விடமாட்டார்கள், அவ்வளவுதான். சினிமாவுக்குப் போனால் ‘வணக்கம்’ போட்ட பிறகும் அசைய மாட்டார்கள். கொட்டகைக்காரர் கதவைப் பூட்ட வரும்போது, “படம் முடிஞ்சிருச்சாண்ணே?” என்று கேட்டு, அவர் தலையில் அடித்துச் சத்தியம் செய்தால்தான் வெளியே வருவார்கள்.

அந்த ஊர்த் தவசிக்குக் கல்யாணம். ஊர்ப் பேரைக் கேட்டதுமே வந்த சம்பந்தமெல்லாம் தட்டிப்போய், கடைசியில் மேலக்காட்டு அழகுபேச்சி சரி என்றாள். சந்தையில் அவன் கொய்யாப்பழத்தைக் காம்போடு சேர்த்து மென்றுகொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறாள். “இந்த ஆளு பொண்டாட்டி சமையலைக் குறை சொல்லமாட்டான்” என்று பிடித்துப்போயிற்று. அவளுடைய அப்பாவுக்குத்தான் பிடிக்கவில்லை. “முகூர்த்தம் பத்தரை வரைக்கும். தாண்டுச்சுன்னா பொண்ணை வண்டியில ஏத்திருவேன்” என்று மண்டப வாசலிலேயே சொல்லிவிட்டார்.

தவசி விடிந்ததிலிருந்து வேட்டியை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தான். தாய்மாமன் வீரபுத்திரன் மாப்பிள்ளை அறையில் ஒரு பரமபதத் தாளை விரித்தார்.

“மனசை இதுல போடு மாப்ளே. கூட்டாளிகளோட ஒரு ஆட்டம் ஆடு. முழுசா முடிச்சிட்டு வந்து மணையில உக்காரு.”

கூட்டாளிகள் என்றால் மொக்கையனும் சீனிச்சாமியும். ஆட்டம் தொடங்கியது. தவசிக்கு அன்றைக்கு என்ன யோகமோ, உருட்டியதும் தாயம். ஏணிக்கு மேல் ஏணி. அவன் காயாக வைத்திருந்த புளியங்கொட்டை விறுவிறுவென்று பரமபதம் போய்ச் சேர்ந்தது. பட்டு வேட்டியை இறுக்கிக்கொண்டு எழுந்தான்.

“எங்கடா கிளம்பிட்ட?” என்றான் மொக்கையன்.

“கல்யாணத்துக்கு.”

“உன்னை ஒரு பாம்புகூடக் கடிக்கலையேடா.”

“கடிக்காததுதானே நல்லது?”

“நல்லதுதான். ஆனா முழுசு இல்லையே.”

இரண்டு பேரும் சீனிச்சாமியைப் பார்த்தார்கள். ஊரிலேயே யோசிக்கிறவன் அவன் ஒருத்தன்தான். நெற்றியைத் தேய்த்துத் தேய்த்து யோசித்தான்.

“மொக்கையன் சொல்றது நியாயம். ஒருத்தன் மெனக்கெட்டு இத்தனை பாம்பு வரைஞ்சிருக்கான். ஒண்ணுகிட்டயும் கடி வாங்காமப் போறது, ரசம் வர்றதுக்கு முன்னாடி பந்தியை விட்டு எந்திரிக்கிற மாதிரி.”

எல்லாப் பாம்பும் ஒரு தடவையாவது கடித்தால்தான் முழுசு என்று முடிவானது. தவசி மறுபடி உட்கார்ந்தான். புளியங்கொட்டை கீழே இறங்கியது. அதற்குப் பிறகு ஒவ்வொரு கடிக்கும் அறையே அதிர்ந்தது. “கடிச்சிருச்சு! மாப்பிள்ளையைப் பாம்பு கடிச்சிருச்சு!”

பெண் வீட்டார் கம்பும் கையுமாக ஓடிவந்தார்கள்.

“ஐயையோ, எந்தப் பாம்பு?”

“நீளமான பச்சைப் பாம்பு.”

“மாப்பிள்ளை எப்படி இருக்காரு?”

“ரொம்ப சந்தோசமா இருக்காரு. இன்னும் நாலைஞ்சு கடிச்சா வந்திருவாரு.”

வந்தவர்கள் கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

கடைசியில் ஒரே ஒரு குட்டிப் பாம்பு பாக்கி. மற்றப் பாம்புகளின் வால் நுனி மாதிரி அவ்வளவு பொடிசு. அதன் வாய்க்கு நேராகக் காய் வந்து நிற்கவே மாட்டேன் என்றது. ஒன்று தாண்டிப் போகும், இல்லையென்றால் வேறொரு பாம்பு கடித்துக் கீழே தள்ளும். அது ஏற்கெனவே கடித்த பாம்பு என்பதால் கணக்கில் சேராது என்று சீனிச்சாமி தீர்ப்புச் சொல்லிவிட்டான்.

வீரபுத்திரன் வேர்த்து விறுவிறுத்து ஓடிவந்தார். “டேய், மணி என்ன ஆச்சு! எந்திரிங்கடா!”

“ஒரு பாம்பு பாக்கி மாமா.”

“ஒண்ணுதானா? எது?” என்று அவரும் உட்கார்ந்தார். அவரும் பூசணிக்குளம்தானே!

அவரைக் கூப்பிட வந்த சமையல்காரர் கரண்டியோடு உட்கார்ந்தார். சமையல்காரரைத் தேடி மேளக்காரர்கள் வந்தார்கள். சும்மா இருப்பானேன் என்று, தவசி கட்டையை உருட்டும்போதெல்லாம் கெட்டிமேளம் கொட்டினார்கள். கூடத்தில் இருந்த சனம் அதைக் கேட்டுக் கேட்டு, வெறும் மணையின் மேல் அட்சதையை அள்ளி வீசியது. அட்சதைத் தட்டு காலியானது.

வாசலில் வண்டி ஹாரன் அடித்தது. தவசிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“மாமா, அவ போயிருவா மாமா. அவ போயிட்டா எனக்கு ஒண்ணுமே வேணாம்.”

“போகட்டும்னா சொல்றோம்? பாம்பு கடிக்கட்டும்னுதானே சொல்றோம். உருட்டு.”

அப்போது அழகுபேச்சியே மாலையும் கழுத்துமாக வந்து நின்றாள். “எங்கப்பா வண்டியில ஏறிட்டாரு. நீங்க இங்க என்ன பண்றீக?”

தவசி தேம்பிக்கொண்டே குட்டிப் பாம்பைக் காட்டினான். அவள் தாளைப் பார்த்தாள், அவன் முகத்தைப் பார்த்தாள். வந்த கோபம் பாதி வழியில் நின்றுவிட்டது.

“ஏன்யா, புளியங்கொட்டைக்குக் கால் இருக்கா?”

“இல்லை.”

“பாம்பு ஊருமா ஊராதா?”

“ஊரும்.”

“அப்புறம் எதுக்கு இது அதைத் தேடிப் போகணும்?” என்று குனிந்து, தாளின் மூலையை மடக்கிக் குட்டிப் பாம்பின் வாயைப் புளியங்கொட்டையின் மேல் அமுக்கினாள். “கடிச்சிருச்சு. வாங்க.”

சீனிச்சாமி வாயைப் பிளந்தான். “பாம்பு தானா வரும்! நம்ம யாருக்கும் தோணலையேடா!”

எல்லோரும் விழுந்தடித்து ஓடினார்கள். அவளுடைய அப்பாவை வண்டியிலிருந்து கையைப் பிடித்து இறக்கினார்கள். பத்தரைக்குக் கொஞ்சம் முன்னால் கெட்டிமேளம் முழங்க, தவசி தாலி கட்டினான். மூன்று முடிச்சுப் போட்டதும் காதோரம் மொக்கையன் குரல் கேட்டது.

“மாப்ளே, கயிறு இன்னும் மிச்சம் இருக்கே.”

தவசி குனிந்து பார்த்தான். இருந்தது. நாலாவது முடிச்சுப் போட்டான். அஞ்சாவது போட்டான். அழகுபேச்சி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, “இன்னுமா?” என்றாள்.

“முடிஞ்சுது. ஆனா கட்டைவிரல் உள்ள மாட்டிக்கிச்சு.”

“ஒரு முடிச்சை மட்டும் அவுத்தா விரல் வந்திரும்” என்றார் வீரபுத்திரன்.

“அதெப்படி? அவுக்கிறதுன்னா முழுசா அவுக்கணும்” என்று சீனிச்சாமி கையை நீட்டினான்.

அழகுபேச்சி துள்ளி எழுந்தாள். “எவனாவது தாலியைத் தொட்டீங்க, தொலைச்சுப்புடுவேன்!”

அப்படியே பந்திக்குப் போனார்கள். தவசியின் வலது கை அவள் பிடரியிலேயே இருந்ததால், அவளே பிசைந்து அவனுக்கு ஊட்டிவிட்டாள். அவன் பாயசம் வரைக்கும் ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை. பார்த்தவர்களுக்கெல்லாம் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு அழகான சடங்கை இத்தனை நாளாக விட்டுவிட்டோமே என்று ஊரே வருத்தப்பட்டது.

அடுத்த மாதம் மொக்கையன் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் இரண்டு கட்டைவிரலையும் சேர்த்துக் கட்டினார்கள். ஒரு விரலோடு விட்டால் முழுசாகாதாமே!