வெண்மூக்கி குரல் கொடுக்காத நாள்

அந்தக் காலத்தில், மீனும் பறவையும் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, கடலிலுள்ள ஓங்கில்கள் எல்லாம் ஒரே கூட்டமாக வாழ்ந்தன. டால்பின் என்று இப்போது சொல்கிறோமே, அவைதான். ஆழ்கடலில் ஒளிந்துகொள்ள இடம் கிடையாது. சுறா எந்தப் பக்கமிருந்தும் வரும். அதனால் குட்டிகளை நடுவில் விட்டுப் பெரியவர்கள் சுற்றி நீந்துவார்கள். மீனைக் கண்டவள் சீழ்க்கை அடிப்பாள். எல்லாரும் சேர்ந்து வளைத்து, எல்லாரும் தின்பார்கள். கண்டதைச் சொல்லாமல் தின்னும் வழக்கம் அவர்களிடம் இல்லை.

கூட்டத்தை நடத்தியவள் கருவாலி. அவள் தங்கை வெண்மூக்கி. ஒருநாள் வெண்மூக்கியின் குட்டியைச் சுறா கவ்விவிட்டது. முட்டி மோதி மீட்டார்கள். ஆனாலும் வாலில் பாதி போய்விட்டது. பெரிய அலையில் அவனால் நீந்த முடியவில்லை.

“அக்கா, கரைப் பக்கம் போயிடலாம். ஆழமில்லாத இடத்துக்குச் சுறா வராது. இவன் பிழைச்சுக்குவான்.”

“ஒரு குட்டிக்காக இத்தனை பேரும் வரணுமாக்கும்?” என்று ஒரு கிழவர் முனகினார்.

“வாங்க மாமா. நாளைக்கு உங்க பேரனுக்கும் இப்படித்தான் வருவோம்” என்றாள் கருவாலி.

போனார்கள். கழிமுகத்தில் தண்ணீர் அசையாமல் கிடந்தது. குட்டி தட்டுத்தடுமாறி நீந்தத் தொடங்கினான். ஆனால் அங்கே மீன்கள் கூட்டமாகத் திரியவில்லை. புல்லுக்குள் ஒன்று, சேற்றுக்குள் ஒன்று என்று பதுங்கிக் கிடந்தன. இவர்கள் பழகிய பழக்கத்தில் திரண்டு வளைத்தார்கள். சேறு கலங்கியதுதான் மிச்சம்.

“என்னம்மா, மீன் பிடிக்கிறீங்களா, நெல் நட சேறு கலக்குறீங்களா?” என்றது கரையில் அலகுப் பை தொங்க நின்ற கூழைக்கடா.

“உன் பையில இருக்கிறதைக் கொட்டிட்டுப் பேசு” என்றாள் கருவாலி. எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் வயிறு சிரிக்கவில்லை. தாய்மாருக்குப் பால் வற்றியது.

ஒரு மத்தியானம், அலையாத்தி வேர்களுக்கிடையே சில மடவை மீன்களை வெண்மூக்கி கண்டாள். சீழ்க்கை தொண்டை வரை வந்தது. எல்லாரும் வந்தால் கலங்கிவிடும், யாருக்கும் கிடைக்காது. குட்டியின் வாலைப் பார்த்தாள். சீழ்க்கையை விழுங்கிவிட்டாள். இருவருமாகத் தின்றார்கள்.

திரும்பியதும் குட்டி நீந்திப்போய், “பெரியம்மா, மடவை எவ்வளவு ருசி தெரியுமா!” என்றான்.

கருவாலியின் குட்டி அப்போது பசியில் அழுதுகொண்டிருந்தது.

கருவாலி தன் குட்டியை விலாவோடு அணைத்துக்கொண்டாள். பிறகு, “நீ கூப்பிட்டிருந்தாலும் சேறுதான் கலங்கியிருக்கும், தங்கச்சி. எனக்குத் தெரியாதா? ஆனா இங்கேயே இருந்தா நாளைக்கு நானும் இதையேதான் செய்வேன். அப்புறம் ஆழத்துல சுறா வருதுன்னு கத்தினா யாரு யாரை நம்புவா?” என்றாள்.

கழிமுகத் தண்ணீர் கடல் பக்கம் வடியத் தொடங்கியதும் கூட்டத்தை அழைத்துக்கொண்டு கடலுக்குப் போனாள். வெண்மூக்கி முகத்துவாரம் வரை பின்னால் போனாள். அதற்கப்பால் அலை பெரிதாக இருந்தது. குட்டி நின்றுவிட்டான், அவளும் நின்றாள்.

“அம்மா, நான் சொல்லியிருக்கக் கூடாதோ?”

“நீ சொன்னது சரிதான்டா” என்றாள் அவள்.

அன்று முதல்தான் ஆழ்கடலில் ஓங்கில்கள் பெருங்கூட்டமாகத் திரிகின்றன. கரையோரத்து ஓங்கில்களோ இரண்டும் மூன்றுமாக வருகின்றன. எதிர்ப்படும் சொந்தத்தோடு கொஞ்ச நேரம் உரசி நீந்துகின்றன, பசி எடுக்குமுன் பிரிந்துவிடுகின்றன.