போறேங்கய்யா

“எவன் செய்வான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?”

கேட்டவர் ஒரு தெற்கத்திச் சிறையின் கண்காணிப்பாளர் நம்பிராஜன். வயது ஐம்பத்து நான்கு.

கேட்கப்பட்டவர் ஆயுள் கைதி மாசிலாமணி. வயது நாற்பத்தொன்று. கூடப் பிறந்த அண்ணனைக் கொன்றுவிட்டுப் பதினேழு வருடமாக உள்ளே இருக்கிறார். மற்ற கைதிகளுக்கு மனு எழுதிக் கொடுப்பதால் எல்லோருக்கும் அவர் வாத்தியார்.

அந்த வருடம் மூன்று பேர் சிறைக்குள்ளேயே உயிரை மாய்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது ஆள் அய்யாத்துரை, பம்புசெட் மெக்கானிக். போன செவ்வாய்க்கிழமை. விசாரணைக்கு நீதிபதி வரப்போகிறார்.

வாத்தியார் இருக்கும் நாலாம் பிளாக்கில் மட்டும் ஒன்பது வருடமாக யாரும் அப்படிச் சாகவில்லை. அதனால்தான் கண்காணிப்பாளர் அவரைக் கூப்பிட்டு அனுப்பினார். ஒரு கைதியிடம் போய்க் கேட்கிறோமே என்று அவருக்குக் கசக்கத்தான் செய்தது.

வாத்தியார் செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து நின்றார். உட்காரச் சொல்லவில்லை.

“நீங்க என்ன செஞ்சீங்க, ஐயா?”

“எல்லாம் செஞ்சாச்சு. பிளாக்குக்கு நாலு கேமரா. உள்ள வர்ற ஒவ்வொருத்தன்கிட்டயும் பதினோரு கேள்வி. இந்தா பாரு, அய்யாத்துரையோட படிவம். தற்கொலை எண்ணம் உண்டா? இல்லை. கையெழுத்தும் போட்டிருக்கான்.”

“யாரு கேட்டது?”

“ஆபீஸ் ரைட்டர்.”

“எப்படிக் கேட்டாரு?”

“எப்படின்னா? கேள்வியைக் கேட்டாரு.”

“நான் பக்கத்துல நின்னு பாத்திருக்கேன். ‘எண்ணம் கிண்ணம் ஒண்ணும் இல்லைதானே? கையெழுத்தைப் போடு.’ இப்படித்தான் கேக்காரு. பின்னால அறுபது பேரு வரிசையில நிக்கான். அதுக்கு எவன் இருக்குன்னு சொல்லுவான்?”

“ஒருத்தன் சொன்னானே!” கண்காணிப்பாளர் மேசையைத் தட்டினார். “பிச்சைக்கனி. போன திங்கக்கிழமை வந்தவன். ஆமான்னு சொன்னான்.”

“அவனுக்கு என்ன குடுத்தீங்க?”

“பாதுகாப்பு அறையில வச்சிருக்கோம்.”

பாதுகாப்பு அறை எது என்று நானே சொல்லிவிடுகிறேன். வெறும் தரை. போர்வை கிடையாது. அணையாத விளக்கு. மேலே ஒரு கேமரா. பேச ஆள் இல்லை. பிச்சைக்கனியின் மூக்குக் கண்ணாடியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். மகள் எழுதிய கடிதத்தையும் வாங்கிக்கொண்டார்கள். கடிதம் எதற்கு என்று கேட்டதற்கு, உத்தரவு என்றார்கள்.

சாக வேண்டும்போல இருக்கிறது என்று வாய்விட்டுச் சொன்ன ஒரு மனிதனிடம், அவன் சாகாமல் இருப்பதற்கு இருந்த ஒரே காரணத்தையும் பிடுங்கிவிட்டு, அந்த இடத்துக்குப் பாதுகாப்பு என்று பெயர் வைத்தவனை நான் பார்க்க வேண்டும். பார்த்து நன்றாக நாலு கேட்க வேண்டும்.

வாத்தியார் அதைக் கேட்கவில்லை. வேறு கேட்டார்.

“திங்கக்கிழமை பிச்சைக்கனி ஆமான்னு சொன்னான். அன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள ஜெயில் பூரா தெரிஞ்சுபோச்சு, ஆமான்னு சொன்னா என்ன கிடைக்கும்னு. அய்யாத்துரைக்கும் தெரிஞ்சிருக்கும்லா?”

கண்காணிப்பாளர் அய்யாத்துரையின் படிவத்தைக் குப்புறத் திருப்பி வைத்தார்.

“வார்டர் கதிரேசனைக் கூப்பிடுங்க ஐயா. செவ்வாய்க்கிழமை அவருதான் டூட்டி.”

கதிரேசன் வந்து விறைப்பாக நின்றார். நல்ல மனிதர்தான். நாலு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

“அய்யாத்துரை அன்னிக்கு உங்ககிட்ட என்ன சொன்னான்?” என்றார் வாத்தியார்.

“ஒண்ணும் சொல்லலை.”

“யோசிச்சுச் சொல்லுங்க.”

“சந்தோஷமாத்தான் இருந்தான். வாளி, சோப்பு, செருப்பு எல்லாத்தையும் பக்கத்துல இருந்தவங்களுக்குக் குடுத்தான். என்னைப் பாத்து, ‘போறேங்கய்யா’ன்னான். ‘ஏலே, ஜாமீன் வந்துட்டா?’ன்னு கேட்டேன். சிரிச்சான். சரி, நல்லா இருன்னு சொல்லி...”

கதிரேசன் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

இதையும் விளக்க வேண்டும். நம் வீடுகளில் யாரும் ‘போறேன்’ என்று சொல்லிக் கிளம்பமாட்டோம். தெரியாமல் சொன்னாலும், ‘போயிட்டு வாரேன்னு சொல்லு’ என்று உள்ளே இருந்து ஒரு குரல் அதட்டும். சிறையில் நேர்மாறு. விடுதலையாகிறவன் ‘போயிட்டு வாரேன்’ என்று வாய் தவறிச் சொன்னால் பிடரியில் ஒன்று விழும். திரும்பி வருவாயா, மடையா? போறேன் என்று சொல். வாளியையும் சோப்பையும் இருக்கிறவர்களுக்குக் கொடு. திரும்பிப் பார்க்காமல் போ. அங்கே அது வழக்கம், மங்களமான வழக்கம்.

அய்யாத்துரை வீட்டில் சொல்லக் கூடாத சொல்லைச் சொன்னார். கதிரேசன் இருபது வருடமாகக் கேட்டுப் பழகிய நல்ல சொல்லைக் கேட்டார்.

“அவனுக்கு ஜாமீன் வரலைன்னு இவருக்குத் தெரியாது,” என்றார் வாத்தியார். “யாருக்குத் தெரியும்?”

“ஆபீஸுக்கு...” என்றார் கண்காணிப்பாளர்.

“மனுவை எழுதுனது நான். தள்ளுபடி ஆயிட்டுன்னு எனக்கே புதன்கிழமைதான் தெரியும். அந்தத் தாளை எடுங்க ஐயா.”

கண்காணிப்பாளர் கோப்பைப் புரட்டினார். மூன்றாவது ஜாமீன் மனு தள்ளுபடி. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வந்திருக்கிறது. ‘பார்த்தேன், கைதிக்குத் தெரிவிக்கவும்’ என்று எழுதிக் கீழே பச்சை மையில் ஒரு சுருக்கொப்பம்.

அவருடைய சுருக்கொப்பம்.

“தெரிஞ்சது ஆபீஸ் பையனுக்கு இல்லை, ரைட்டருக்கு இல்லை, உங்களுக்கு. தெரிவிச்சாங்க. ஜன்னல் வழியா ஒரு தாளை நீட்டித் தெரிவிச்சாங்க. வார்டருக்குச் சொன்னீங்களா? அவன் மூணு வாரமாத் தூங்கலைன்னு ஆஸ்பத்திரிச் சீட்டுல இருக்கு. அதை ஆபீஸுக்கு யாரும் சொன்னாங்களா? பொண்டாட்டி ரெண்டு மாசமா வரலைன்னு, சொந்தக்காரங்க வந்து பாக்குற இடத்துல இருக்குறவருக்குத் தெரியும். ஆளுக்கொரு துண்டு வச்சிருந்தீங்க. யாரும் யார்கிட்டயும் பேசலை. இப்ப என்னைக் கூப்பிட்டு, எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு கேக்கீங்க!”

பதினேழு வருடத்தில் அந்த அறையில் ஒரு கைதி குரல் உயர்த்தியதில்லை. வெளியே தட்டச்சுச் சத்தம் நின்றது.

கண்காணிப்பாளரின் முகம் சிவந்தது. ஆனால் அவர் கெட்டவர் இல்லை. குழம்பிப்போன அதிகாரி. குழம்பிப்போன அதிகாரி செய்வதையே அவரும் செய்தார். பேனாவைத் திறந்தார்.

“சுற்றறிக்கை போட்டுடறேன். இனிமே ஜாமீன் இல்லாம போறேன்னு எவனாவது சொன்னா, உடனே பாதுகாப்பு அறைக்கு...”

வாத்தியார் எட்டி அந்தப் பேனாவைப் பிடுங்கினார்.

கதிரேசனின் லத்தி தன்னால் உயர்ந்தது.

“அடிங்க,” என்றார் வாத்தியார். “ஆனா அதை எழுதாதீங்க. எழுதினா அடுத்தவன் அந்த ஒரு வார்த்தையையும் சொல்லாமச் சாவான்.”

லத்தி இறங்கியது.

“பின்ன என்னதான்யா செய்ய?” கண்காணிப்பாளர் கத்தினார். “உன் பிளாக்குல அப்படி என்ன வித்தை வச்சிருக்க?”

“வித்தை ஒண்ணும் இல்லை. நாங்க கேப்போம். பதில் வர்றவரைக்கும் எந்திரிக்கமாட்டோம்.”

“அவ்வளவுதானா?”

“செஞ்சு பாருங்க. பிச்சைக்கனி இன்னும் உயிரோடதான் இருக்கான். கண்ணாடியையும் கடிதாசியையும் எடுத்துக்கிட்டு வாங்க.”

மூன்று பேரும் நடந்தார்கள். வெயில் ஏறியிருந்தது. அந்த அறையில் மட்டும் பகலிலும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

பிச்சைக்கனி சுவரோரம் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். நாற்பத்தாறு வயது, பரோட்டா மாஸ்டர். கண்ணாடி இல்லாததால் வந்தவர்கள் யாரென்று தெரியாமல் கண்ணை இடுக்கிப் பார்த்தார்.

கண்காணிப்பாளர் கம்பிக்கு வெளியே நின்று கேட்டார். “என்னப்பா, அந்த எண்ணம் இன்னும் இருக்கா?”

“இல்லைங்கய்யா.”

கண்காணிப்பாளருக்கு மூச்சு வந்தது. “பாத்தியா? சரியாயிட்டான்.”

“ஆமா, அஞ்சு நாள்ல நல்லாப் படிச்சிட்டான்,” என்றார் வாத்தியார். “இப்ப ரைட்டருக்குப் பிடிச்ச பதிலைச் சொல்லுதான்.”

கண்காணிப்பாளர் அவரைப் பார்த்தார். பிறகு பிச்சைக்கனியைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். ஒரு மனிதனைப் பார்க்க அவருக்கு அவ்வளவு நேரம் தேவைப்பட்டது.

“கதவைத் திற,” என்றார் கதிரேசனிடம்.

உள்ளே போனார். இஸ்திரி போட்ட காக்கியோடு வெறும் தரையில் உட்கார்ந்தார். முழங்கால் மடங்க மறுத்தது. கண்ணாடியை நீட்டினார். கடிதத்தை நீட்டினார். பிச்சைக்கனி கண்ணாடியை மடியில் வைத்துக்கொண்டு கடிதத்தை மட்டும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டார்.

“செத்துரலாம்னு தோணுதா?”

ரைட்டரின் ‘தானே’ இல்லை. கேள்வி மட்டும்.

பதில் வரவில்லை. கண்காணிப்பாளர் வாத்தியாரைத் திரும்பிப் பார்த்தார். வாத்தியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கண்காணிப்பாளர் எழுந்திருக்கவில்லை. சாப்பாட்டு மணி அடித்தது. அப்போதும் எழுந்திருக்கவில்லை.

கடைசியில் பிச்சைக்கனி வாயைத் திறந்தார். “ஆமான்னா இன்னும் எத்தனை நாளு இங்க வைப்பீங்க?”

“ஒரு நாளும் இல்லை. என்ன சொன்னாலும் இப்பவே நாலாம் பிளாக்குக்குப் போறே. வாத்தியாருக்குப் பக்கத்து இடம். டாக்டரை வரச் சொல்லுதேன், அவர் சீட்டை நானே படிக்கேன். உன் மகளுக்கு இன்னைக்கு போன் போடலாம்.”

“தோணுதுய்யா,” என்றார் பிச்சைக்கனி. “விடியக்காலம் எந்திரிச்சதும் ரொம்பத் தோணுது.” சொல்லிவிட்டு விசும்பி விசும்பி அழுதார்.

கண்காணிப்பாளருக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அதனால் ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் இருந்தார். முப்பது வருட வேலையில் அவர் செய்த உருப்படியான காரியம் அதுதான் என்பேன்.

கதிரேசன் போர்வை எடுத்து வரப் போனார். அவர் திரும்பி வந்த பிறகுதான் கண்காணிப்பாளர் சுவரைப் பிடித்து எழுந்தார்.

“சரிப்பா, நான் போறேன்.”

“ஐயா!”

வாத்தியார் அதட்டிய அதட்டலில் கதிரேசன் கையிலிருந்த போர்வை நழுவியது.

கண்காணிப்பாளர் வாசலிலேயே நின்றுவிட்டார். அவர் வாய் இரண்டு தடவை திறந்து மூடியது. அந்த மதில்களுக்குள்ளே அவர் ஒருநாளும் சொல்லியிராத வார்த்தை அது.

“போயிட்டு வாரேன்.”

பிச்சைக்கனி சட்டை நுனியால் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். கண்காணிப்பாளர் முகத்தை நிமிர்ந்து பார்த்தார்.

“எப்போ?”