செண்பகத்தின் தண்ணீர்த்தொட்டி

வெண்ணாவல் நாட்டு ராஜா சிம்மவிக்கிரமருக்குப் பேரில்தான் சிங்கம். உயிரெல்லாம் அவருடைய யானை செண்பகத்தின் மேல். அதற்கு ஒரு வேளைக்கு இருபத்தேழு பெட்டித் தண்ணீர் வேண்டும். பெட்டி என்றால் நீளம், அகலம், உயரம் எல்லாமே ஒரு சாண் உள்ள மரப்பெட்டி. அந்த அரண்மனையில் தண்ணீரை அதில்தான் அளப்பார்கள்.

“மூன்று பக்கமும் ஒரே அளவாக ஒரு கல்தொட்டி செய். சரியாக இருபத்தேழு பெட்டி பிடிக்கவேண்டும்” என்று கல்தச்சர் மாடக்கண்ணுவுக்கு உத்தரவு போட்டார் ராஜா. மாடக்கண்ணு அதிகம் வாய் திறக்காத மனுஷன். ஒரு மாதம் உளியடித்து, உள்பக்கம் மூன்று சாண் இருக்கும்படி தொட்டியைக் குடைந்து கொண்டுவந்து வைத்தார்.

ராஜாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. “இத்தனூண்டா?”

பெரிய கணக்கர் பூதலிங்கம் இதற்காகவே காத்திருந்தவர்போல முன்னால் வந்தார். அவர் வீட்டுக்கு இலவசமாக அம்மி கொத்தித்தர மாடக்கண்ணு மறுத்ததிலிருந்தே அவருக்கு உள்ளுக்குள் ஒரு கறுவல்.

“மகாராஜா, நீளம், அகலம், உயரம் என்று பக்கம் மூன்று. இருபத்தேழை மூன்றாகப் பங்கு போட்டால் ஒன்பது. ஒன்பது சாண் இருக்கவேண்டிய தொட்டி இது. மீதிக் கல்லை இவன் அமுக்கிவிட்டான்.”

“நாளைப் பொழுது சாய்வதற்குள் நீ ஊரைவிட்டுப் போய்விடு” என்றார் ராஜா.

மாடக்கண்ணுவுக்குக் கண் கலங்கிவிட்டது. “பெண்டாட்டி நிறைமாசமாக இருக்கிறாள் மகாராஜா. அவளைக் கூட்டிக்கொண்டு எங்கே போவேன்?”

சபையில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த குழந்தைவேல் எழுந்தார். ராஜா கோபத்தில் இருக்கும்போது வாய் திறக்கும் துணிச்சல் அவர் ஒருவருக்குத்தான் உண்டு.

“கணக்கர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் மகாராஜா. கல் வெட்டுமுன் குழி தோண்டி அளவு பார்ப்போமே, அதுபோல ஒன்பது சாணுக்கு ஒரு குழி தோண்டிக் களிமண் பூசுவோம். புதுத் தொட்டிக்கு அளவு சொன்னவரே முதல் தண்ணீரைத் தோளில் சுமந்து, விளிம்புவரை நிரப்பவேண்டும் என்பது நம் அரண்மனை வழக்கம். கணக்கர் நாளைக்கு நிரப்பிக் காட்டட்டும்.”

“இருபத்தேழு பெட்டிதானே? சுமந்துவிட்டுப் போகிறேன்” என்றார் பூதலிங்கம்.

மறுநாள் காலை குழி தயார். கணக்கர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிணற்றுக்கும் குழிக்குமாக நடந்தார். பத்தாவது பெட்டிக்கு மூச்சு வாங்கியது. இருபதாவதுக்குத் தோள் சிவந்தது. இருபத்தேழாவதையும் ஊற்றிவிட்டு எட்டிப் பார்த்தால், அடியில் நாலு விரல் ஆழத்துக்குத் தண்ணீர் கிடந்தது.

“என்னய்யா, நிறையவே இல்லையே?” என்றார் ராஜா.

“நிறைந்துவிடும் மகாராஜா. இன்னும் எழுநூற்றிரண்டு பெட்டிதான் பாக்கி” என்றார் குழந்தைவேல்.

பூதலிங்கம் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

“அதெப்படி எழுநூற்றிரண்டு?” ராஜாவுக்குப் புரியவில்லை.

“ஒரு பக்கத்தைக் கண்டுபிடிக்கப் பங்கு போடக்கூடாது மகாராஜா. எந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கி, மறுபடியும் அதாலேயே பெருக்கினால் இருபத்தேழு வரும் என்று பார்க்கவேண்டும். மும்மூன்று ஒன்பது. ஒன்பதை இன்னொரு மூன்றால் பெருக்கினால் இருபத்தேழு. ஒன்பதை அப்படிப் பெருக்கினால் எழுநூற்று இருபத்தொன்பது; ஊற்றிய இருபத்தேழு போக மீதி எழுநூற்றிரண்டு. இனிப் பக்கம் எத்தனை சாண் என்று கணக்கரே சொல்லட்டும்.”

ராஜா கணக்கரைத் திரும்பிப் பார்த்தார். “நீர் என்ன சொல்கிறீர்?”

பூதலிங்கம் கையெடுத்துக் கும்பிட்டார். “மூன்று சாண்தான் மகாராஜா. சத்தியமாக மூன்று சாண். இந்தக் குழியை விட்டுவிடுங்கள்.”

ராஜாவுக்கு வெட்கமாகிவிட்டது. தன் கைக்காப்பைக் கழற்றி மாடக்கண்ணுவின் கையில் போட்டார். “தப்பு என்னுடையது. பெண்டாட்டியை நல்லபடியாகப் பார்த்துக்கொள். முதலில் உன் தொட்டியை நிரப்பு, கண்ணாரப் பார்ப்போம்.”

மாடக்கண்ணு பெட்டியை எடுக்கக் குனிந்தார். குழந்தைவேல் தடுத்தார்.

“இருங்கள் தச்சரே. நீங்கள் வாயைத் திறக்காமல் வெட்டியதோடு சரி. இத்தனை பேர் முன்னால் மூன்று சாண் என்று அளவு சொன்னவர் யார்?”

எல்லோரும் பூதலிங்கத்தைப் பார்த்தார்கள். ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

கணக்கர் முனகிக்கொண்டே பெட்டியைத் தோளில் ஏற்றினார். இருபத்தேழாவது பெட்டிக்குத் தொட்டியில் தண்ணீர் விளிம்போடு விளிம்பாக நின்றது. ஒரு சொட்டு சிந்தவில்லை. செண்பகம் வந்து அத்தனையையும் குடித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் வேண்டும் என்பதுபோலக் கணக்கரையே பார்த்துக்கொண்டு நின்றது.